கொள்ளு சுற்றிய வட்டம்

எங்கள் செங்காளிபாளையத்தில் யாரையாவது தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் தறியை நிறுத்தினால் போதும். காவிரிக்கு மேற்கே இருக்கிற விசைத்தறி ஊர் இது. வீட்டுக்கு வீடு பட்டறை, பட்டறைக்குப் பத்துத் தறி, பன்னிரண்டு தறி. பிள்ளை பிறந்த நிமிஷம் முதல் சடக் படக் என்று அது காதில் விழுந்துகொண்டே இருப்பதால், கரண்டு போய்த் தறி நின்றால் தொட்டிலில் கிடக்கிற குழந்தை வீறிட்டு அழும், கரண்டு வந்து தறி ஓடினால் தானாகத் தூங்கிவிடும். அந்த இரைச்சலுக்குள் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது என்பதால் நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். பட்டறையின் இந்தக் கோடியில் ஒருத்தி 'நூல் அறுந்துபோச்சு' என்று சும்மா வாயசைத்தால், அந்தக் கோடியில் இருப்பவள் வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவாள். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய வித்தை. எங்களுக்கு மூக்கைச் சிந்துகிற காரியம்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாய்க் காப்பகத்து ஆட்டோவில், பூங்கோதை வீட்டு வாசலில் கொள்ளு வந்து இறங்கியது.

பூங்கோதை தார் போடுகிறவள், அதாவது தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சிகளில் வீட்டு மிஷினில் நூல் சுற்றிப் பட்டறைகளுக்குக் கொடுப்பவள். அவள் புருஷன் சூரத்துக்கு நூல் வாங்கப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் கண்டுவிட்டான். அது நடந்து பதினோரு வருஷமாகிறது, அந்தப் பதினோரு வருஷமாகத் தெருவில் ஒரு நல்ல காரியத்துக்கும் நாங்கள் அவளை அழைத்ததில்லை. சாவுக்கு மட்டும் வருவாள், சாவுக்கு அழைப்பு வேண்டாமல்லவா. காப்பகத்துக்காரர்கள் அடிபட்ட, பயந்த, யாருக்கும் வேண்டாத நாய்களை அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவள் தேற்றி, நல்ல வீடு அமைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்து அனுப்புவாள். ஆறு நாய்களை அப்படி அனுப்பியிருக்கிறாள். கொள்ளு ஏழாவது.

கொள்ளு நிறத்தில் இருந்ததால் அவளே வைத்த பேர் அது. எங்கோ ஒரு பட்டறைக்காரன் தொழிலை மூடிக்கொண்டு போனபோது, இதை உள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒன்பது நாள் கழித்துத் திறந்தபோது அது நடுத்தூணைச் சுற்றிக்கொண்டிருந்ததாம், சிமெண்டுத் தரையில் கால் பட்ட இடம் வட்டமாகத் தேய்ந்திருந்ததாம்.

"அக்கா, இவனுக்குப் பூட்டுற சத்தம்தான் எமன்," என்றார் கூடவே வந்த காப்பகத்து டாக்டர் ஜெமிமா. "சாவியைத் தொட்டாலே சுத்த ஆரம்பிச்சிடுவான். பார்த்துக்கோங்க."

நாலு நாள் பூங்கோதை சாவியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் தார் கேட்டு ஆள் வந்துவிட்டது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். பூட்டு விழுந்ததும் கொள்ளு கூடத்து நடுவில் சுற்றத் தொடங்கியது, ஒரே அளவாக, ஒரே பக்கமாக. பத்தாவது சுற்றில் அந்த வீட்டிலிருந்து சத்தம் போனது. இருபதாவது சுற்றில் பக்கத்து வீட்டிலும் போனது. பக்கத்து வீட்டு மாரக்காள் வாசலில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தவள் அதைக் கல்லின்மேல் கவிழ்த்தாள், கேட்கவில்லை. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், கேட்கவில்லை. தன் பேரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தாள், அதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரனான நான் கரண்டு போய்விட்டதென்று நினைத்துத் தறியைப் பார்த்தேன். நாடா போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது, துணி இறங்கிக்கொண்டிருந்தது, சத்தத்தைத்தான் காணோம். அரை மணி கழித்துப் பூங்கோதை தெருமுனையில் திரும்பினாள், அவள் வாடை கொள்ளுக்கு எட்டியது, அது நின்றது, சத்தமெல்லாம் மடமடவென்று திரும்பி வந்து எங்கள்மேல் விழுந்தது.

முதல் நாள் பயந்தோம். இரண்டாம் நாள் கோயிலில் கற்பூரம் கொளுத்தினோம். மூன்றாம் நாள் மாரக்காள் பூங்கோதை வீட்டுச் சுவரோரம் ஒரு பாயை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அதன்பிறகு அதை ஒரு அதிசயமென்று யாரும் பேசவில்லை, தண்ணீர் லாரி வருகிற நேரத்தை விசாரிப்பதுபோல 'இன்னிக்குப் பூவு எத்தன மணிக்குப் பொறப்படறா?' என்றுதான் விசாரித்தோம்.

அதற்குக் 'கம்மு' என்று பேர் வைத்தோம். கம்மென்று இருப்பதால் கம்மு. கம்முல சித்த உக்காந்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போவோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள், பத்து வருஷமாகப் பேசாதிருந்த பங்காளிகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வெறும் வாயசைப்பிலேயே பாகப் பிரச்சினையை முடித்துக்கொண்டார்கள், தலைவலிக்காரர்கள் வந்தார்கள், ரத்தக்கொதிப்புக்காரர்கள் வந்தார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்க வந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் குழந்தைவேல் அண்ணன், பன்னிரண்டு தறிக்காரர், யார் முன்னால் உட்காருவது யார் பின்னால் என்று முறை வைத்தார். கொஞ்ச நாள் கழித்து, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டமும் அவர்தான் போட்டார். கண் திறந்திருந்தால் எதிரில் இருப்பவன் உதடு ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும், எங்கள் ஊர்க்காரனுக்குக் கண்ணை மூடினால்தான் முழு நிம்மதி.

ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு பேர் கொள்ளுவை எட்டிப் பார்த்ததுண்டு. வாயைத் திறந்துகொண்டு சுற்றியது. ஓடுகிற நாய்க்கு மூச்சு இரைக்கும், அதுதான் என்று நினைத்துக்கொண்டோம். "நல்ல நாய். ஒரு கொரைப்பில்ல, ஒரு ஊளையில்ல," என்று பாராட்டவும் செய்தோம்.

சீக்கிரமே ஒன்று கண்டுபிடித்தோம். பூங்கோதை தூரமாகப் போகப் போக, நேரமாக ஆக ஆக, கம்மின் வட்டம் பெரிதானது. கால் மணி என்றால் இரண்டு வீடு, ஒரு மணி என்றால் பாதித் தெரு. இதைக் கண்டுபிடித்த வாரத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. வளைகாப்பா, பூங்கோதை வரவேண்டும். பால்காய்ச்சா, பூங்கோதை இல்லாமலா. பெண் பார்க்கப் போகிறார்களா, ஒரு எட்டு நீயும் வந்துவிட்டுப் போயேன் அம்மிணி. பதினோரு வருஷமாகப் பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையை அவள் வெளியே எடுத்து வெயிலில் காயப்போட்டாள். ஊர் மாறிவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ஊரிலேயே கம்மை அனுபவிக்காதவள் அவள் ஒருத்திதான். அவள் இருந்தால் அது இல்லை, ஊர் கம்மு கம்மு என்று பேசுவது மட்டும் அவள் காதில் விழும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டதுதான்: தொடாத சோறு, தரையில் வட்டமாக ரத்தம், பிளந்துபோன பாதம், விரல் வைத்தால் தெறித்துவிடும்போல அடிக்கிற நெஞ்சு. மஞ்சள் அரைத்துப் போட்டாள், துணி சுற்றிவிட்டாள், மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் இன்னொரு அழைப்பு வந்தது.

ஆனி மூன்றாம் வாரம் டாக்டர் ஜெமிமா வந்து, கொள்ளுவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அக்கா, இதயம் வீங்கியிருக்கு. இப்படியே சுத்தினா ஆடி மாசம் தாண்டமாட்டான். மாத்திரை தரேன், ஆனா மாத்திரை பாதிதான். கொஞ்ச நாளைக்கு இவனைத் தனியா விட்டுட்டு எங்கயும் போகாதீங்க. சாவியை எடுங்க, வைங்க. எடுங்க, வைங்க. நூறு தடவை. சாவியை எடுத்தா ஆள் போயிடும்னு இவன் மனசுல இருக்கிறது அழியணும்."

சரி என்றாள். சொன்ன இரண்டாம் நாள் ஊர்க்கோடி மண்டபத்தில் என் மகளுக்குக் காதுகுத்து. நான்தான் போய் அழைத்தேன். சீர்த்தட்டு எடுத்து வருவது நீதான் என்று சொன்னேன். அவள் முகம் பூரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அரை மணியில் திரும்பிவிடலாம் என்று வந்தவளை, பந்தியில் உட்காரவைத்து, தாம்பூலம் கொடுத்து, போட்டோவுக்கு நிற்கவைத்து மூன்று மணி நேரம் பிடித்து வைத்தோம். அன்றைக்குக் கம்மு கோயில்வரை போயிற்று. அவள் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தபோது கொள்ளு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது, விழுந்த பிறகும் அதன் கால்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

மறுநாளிலிருந்து பூங்கோதை வெளியே வரவில்லை. தார் வேண்டுமென்றால் வாசலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றுவிட்டாள். பட்டுச்சேலை மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று. உள்ளே காலையிலிருந்து பொழுது சாயும்வரை சாவியை எடுத்தாள், வைத்தாள். எடுத்துக் கூடத்தைக் கடந்தாள், திரும்பி வந்து வைத்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். வெளியே ஒரு கால் வைத்தாள், உள்ளே வந்தாள். கொள்ளு ஒவ்வொரு தடவையும் எழுந்தது, நடுங்கியது, அரைச் சுற்றுச் சுற்றியது, அவள் முகத்தைப் பார்த்து நின்றது. பாதம் கொஞ்சம் ஆறியது. ஒருநாள் அவள் கையிலிருந்து முட்டைச்சோறு சாப்பிட்டது.

தெருவிலோ கம்மு இல்லாமல்போய் ஒரு வாரமாயிற்று. பழகாதவரைக்கும் எதுவும் தேவையில்லை, பழகினபிறகு விடமுடியாது. பிறந்ததிலிருந்து கேட்ட தறிச்சத்தம் இப்போது மண்டையில் ஆணி அடித்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டார்கள். பங்காளிகள் பாகத்தை மறுபடி கிளறினார்கள். கடைசியில் குழந்தைவேல் அண்ணன் நாலு பேரோடு போய்ப் பூங்கோதை வாசலில் நின்றார். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

"அம்மிணி, ஊரோட ஒத்துப் போகோணுமல்லோ?"

"நா எங்கீங்ணா ஒத்துப்போவுல?"

"தெனம் ஒரு ரெண்டு மணி நேரம் அக்கட்டால போயிட்டு வர்றதுல உனக்கென்ன கொறஞ்சுபோச்சு? அது கொரைக்குதா, கடிக்குதா? கம்முனு சுத்துது. சுத்தறது அதுக்குப் புடிச்சிருக்குதோ என்னமோ, ஆரு கண்டா?"

"செத்துப்போயிருமுங்ணா."

"நாய்தான் அம்மிணி," என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாரக்காள் தனியாகப் போனாள். இருபத்தெட்டு வருஷம் தறி ஓட்டியவள் மாரக்காள், ஊரிலேயே அவளைப்போல உதடு படிக்கிறவள் கிடையாது, முதுகைக் காட்டி நிற்பவனின் தாடை அசைவை வைத்தே என்ன பேசுகிறான் என்று சொல்லிவிடுவாள்.

"பூவு, என்ற காதுக்குள்ள இருவது வருசமாத் தறி ஓடுது. வெளிய நிறுத்தினாலும் உள்ள நிக்கறதில்ல. தூங்கினாலும் ஓடும், எந்திரிச்சாலும் ஓடும். உன்ற நாய் சுத்தறப்பத்தான் பூவு அது நிக்குது. ஒரு நாழி எங்கியாச்சும் போயிட்டு வா. உன்ற கால்ல வேணாலும் உளுகறன்."

பூங்கோதைக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. "அப்ப வளைகாப்புக்குக் கூப்புட்டதெல்லாம் இதுக்குத்தானாக்கா? அந்தச் சீர்த்தட்டு?"

மாரக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அன்றைக்குப் பூங்கோதை கொள்ளுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாய்க்காக அழவில்லை, தனக்காக அழுதேன் என்று பின்னால் அவளே சொன்னாள். அழுது முடித்துச் சாவியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

ஆடி பிறந்தது. கொள்ளு ஐந்து எண்ணும்வரை தனியாக இருந்தது. பிறகு ஐம்பது எண்ணும்வரை இருந்தது. பிறகு அவள் வெளியே போய்ப் பூட்டி, வாசற்படியில் உட்கார்ந்து, கால் மணி கழித்துத் திறந்தால், கதவுக்கு நேராகப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, சுற்றவில்லை. நாங்கள் அவரவர் வாசலில் நின்று அதைப் பார்த்தோம். நாய் தேறத் தேற எங்கள் வயிறு எரிந்தது. இப்படி எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் எரிந்தது உண்மை.

ஆடி பதினேழாம் நாள், காலை பத்து மணி. பூங்கோதை பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சொம்புத் தண்ணீரை ஊற்றியபோது தண்ணீர் விழுந்த சத்தம் கேட்கவில்லை. தறியும் கேட்கவில்லை. அவள் வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தமில்லாத உலகத்தில் நின்றாள். முதல் நொடி நன்றாகத்தான் இருந்தது என்றாள், அதையும் மறைக்கவில்லை. அடுத்த நொடி அது என்னவென்று புரிந்து ஈரச்சேலையோடு கூடத்துக்கு ஓடினாள்.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நீண்டு ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அது மாரக்காளின் கை. அந்தக் கையை நீட்டச் சொல்லிக் கேட்டவர்கள் நாங்கள். தெருவில் பாய் விரித்து, கண்ணை மூடி, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கொள்ளு சுற்றிக்கொண்டிருந்தது. பூங்கோதை அதன் எதிரே போய் நின்றாள், அது அவளைத் தெரியாமல் சுற்றிப் போயிற்று. பிடிக்கப் போனாள், கையிலிருந்து நழுவிப் போயிற்று. வாடைகூட எட்டாத இடத்துக்கு அது போய்விட்டிருந்தது. ஆறின பாதம் பிளந்து தரையில் ரத்தவட்டம் விழ ஆரம்பித்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கத்தினாள். கம்முக்குள் கத்தினால் கேட்குமா? நாங்கள் கண்ணைத் திறந்திருந்தால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்போம். கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். அவள் மாரக்காளின் கொண்டையைப் பிடித்து, அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போய், கூடத்தில் மண்டிபோட வைத்து, முகவாயைப் பிடித்து நாயைப் பார்க்கும்படி திருப்பினாள். தன் உதட்டை அவள் கண்ணெதிரே கொண்டுபோய்ச் சொன்னாள்:

"அதும் வாயப் பாருக்கா. ஊர் வாயெல்லாம் படிப்பியே. அதும் வாயப் படி."

மாரக்காள் பார்த்தாள். ஒரு சுற்று பார்த்தாள், இரண்டு சுற்று பார்த்தாள். அது மூச்சு இரைக்கிற வாய் இல்லை. தலை மேலே நிமிர்ந்திருந்தது, தாடை நடுங்கியது, உதடு குவிந்து நீண்டு, அடைத்து, மறுபடி குவிந்து நீண்டது. கொள்ளு ஊளையிட்டுக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு நாளும், நாங்கள் சுவரில் சாய்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிஷமும் அது இப்படித்தான் ஊளையிட்டிருக்கிறது, உதடு படிக்கத் தெரிந்த ஒரு ஊரே அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தும் ஒருவனும் படிக்கவில்லை.

சாவிக்கொத்து மாரக்காள் கையிலிருந்து விழுந்தது. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். முன்வரிசையில் இருந்த குழந்தைவேல் அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் கண்ணைத் திறந்தார். பட்டறையில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் வாயசைத்துக் கடத்துவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். என்ன சேதி என்று அண்ணன் அவள் உதட்டைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தி, உதட்டைக் குவித்து, கொள்ளுவின் ஊளையை அப்படியே வாயில் காட்டினாள். அதில் சொல் ஒன்றும் இல்லை. இருந்தும் அண்ணனுக்குப் புரிந்தது, பாவி மனுஷன், தன்னையறியாமல் அவர் வாயும் அதேபோலக் குவிந்தது, என் முழங்காலைத் தட்டி எனக்குக் கடத்தினார். நான் வாயைக் குவித்து அடுத்தவனுக்குக் கடத்தினேன். வாய் அந்த வடிவத்துக்கு வந்ததும் என்னையும் எங்கோ வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விட்ட மாதிரி இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்படியே ஆள் ஆளாக, வரிசை வரிசையாக, கடைசிப் பாய்வரை, நாற்பது பேரும் வானத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் ஊளையிட்டோம்.

திறந்திருந்த கதவு வழியாகக் கொள்ளு எங்களைப் பார்த்தது. ஒரு சுற்று மெதுவாகச் சுற்றியது, மறுபடி பார்த்தது. அடுத்த சுற்றில் பாதியில் நின்றது.

நின்றதும் சத்தம் வந்தது. தறிச்சத்தத்தோடு நாற்பது பேரின் ஊளையும் சேர்ந்து வந்தது. அடுத்த தெருவில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். எங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை, வெகுநேரம் ஊளையிட்டுக்கொண்டிருந்தோம். கொள்ளு நொண்டிக்கொண்டே போய்ப் பூங்கோதையின் ஈரக்காலில் தலையை வைத்துப் படுத்தது.

பாயைச் சுருட்டிக்கொண்டு போனோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆடி பதினெட்டு. ஊரில் பாதி காவிரிக்குக் கிளம்பிப் போயிற்று, அவசர வேலை இருந்த பட்டறைகளில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதைக்கு வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது, கொள்ளுவின் மாத்திரையும் தீர்ந்திருந்தது, டவுனுக்குப் போயே தீரவேண்டும். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, புண்ணான காலோடு தன்னையே பார்க்கிற நாயைப் பார்த்துக்கொண்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அவள் நின்றபோது, மாரக்காள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்காமல் நின்றாள்.

"நீ போயிட்டு வா பூவு," என்றாள். "நா உள்ள உக்காந்துக்கறன். ரெண்டு பேரையும் வெச்சே பூட்டிட்டுப் போ."

பூங்கோதை பையை எடுத்துக்கொண்டாள். பிறகு வழிவிட்டாள், வெளியே வந்து பூட்டினாள், நடந்தாள். நான் என் வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பூட்டு விழுந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. பத்துச் சுற்று ஆகிற நேரம் போயிற்று, இருபது சுற்று ஆகிற நேரம் போயிற்று. சடக் படக், சடக் படக் என்று தறி ஓடிக்கொண்டே இருந்தது. கம்மு வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துப் பூங்கோதை திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மாரக்காள் கூடத்து நடுவில், அந்த ரத்தவட்டத்தின்மேல், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு உள்ளங்கையால் தன் காதை அழுத்திப் பிடித்திருந்தாள், கண் சிவந்திருந்தது, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. இன்னொரு கை மடியில் கிடந்த கொள்ளுவின் தலைமேல் இருந்தது.

"காது?" என்று வாயசைத்தாள் பூங்கோதை.

"ஓடுது," என்று மாரக்காளும் சத்தம் வராமல் உதட்டால் சொன்னாள். "கதவ மொள்ளச் சாத்து. இப்பத்தான் கண்ணசந்தான்."